ஓங்கிய காலை நிறுத்தக் கற்றுத்தருபவருக்குச் சம்பளம் கொடுங்கள்

போர்ப் பகுதிகளில் கபோயிராத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஆயுதக் குழுக்களிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்களுக்கும் அகதி முகாம்களில் வளரும் பிள்ளைகளுக்கும் பிரேசிலின் சண்டைக் கலையான கபோயிராவைக் கற்றுக்கொடுக்கும் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். ஐ.நா. அமைப்பு, தூதரகம், தொண்டு நிறுவனம் என்று உங்கள் பெயர்ப்பலகைகள் வேறுபடலாம். கோப்பில் கையெழுத்திடும் வேலை ஒன்றுதான். நான் அந்தக் கலையைப் பல ஆண்டுகளாகப் பயின்றுவருபவன். உங்கள் திட்டம் எதிலும் எனக்குப் பங்கில்லை. பங்கு கேட்டும் எழுதவில்லை.

கபோயிராவை அமைதிக்கான வழி என்று நீங்கள் ஏற்றுக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி. எதற்காக ஏற்றுக்கொண்டீர்கள் என்பதில்தான் சந்தேகம். துண்டுப் பிரசுரங்களில் கடற்கரையும் குட்டிக்கரணமும் சிரித்த முகங்களும் வருகின்றன. சண்டைபோலத் தோன்றும் ஒரு நடனம், யாருக்கும் அடிபடாது, பயப்பட வேண்டாம் என்ற தொனியிலேயே அறிமுகம் எழுதப்படுகிறது. அந்த எண்ணத்தில் கொடுக்கும் பணம் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். கபோயிராவில் உதை உண்மையான உதை. தலையால் முட்டுவது உண்டு. நிற்கும் காலைத் தட்டி ஆளை வீழ்த்துவதும் உண்டு. அடிக்க முடிகிற தூரத்தில், அடிக்க முடிகிற நொடியில், அடிக்காமல் விடுவதற்குப் பழக்குவதால்தான் அதற்கு மதிப்பு. அடிக்கும் வாய்ப்பையே எடுத்துவிட்டால், விட்டுக்கொடுக்க அங்கே என்ன இருக்கும்?

கலை பிறந்த இடத்தைக் கொஞ்சம் நினைவூட்டுகிறேன். அட்லாண்டிக்கைக் கடந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களில் வேறெந்த நாட்டையும்விட அதிகமானோர் பிரேசிலில்தான் இறக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 48 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் அங்கோலா, காங்கோ கரைகளிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். அந்த மக்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பிரேசில் மண்ணில் உருவாக்கியது கபோயிரா. 1888 மே 13 அன்று அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1890 அக்டோபரிலேயே புதிய குடியரசின் குற்றவியல் சட்டம் வந்துவிட்டது. அதன் 402ஆம் பிரிவின்படி, தெருவிலோ பொது இடத்திலோ கபோயிரா ஆடினால் இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறை. கூட்டத் தலைவனுக்குத் தண்டனை இரட்டிப்பு. ரியோ டி ஜெனிரோவின் காவல் தலைவர் சம்பாயோ ஃபெராஸ் கபோயிராக்காரர்களைப் பிடித்து, ஒழுங்கான விசாரணைகூட இல்லாமல், பெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்குக் கப்பலேற்றினார்.

அந்தச் சட்டம் வெறும் இனவெறுப்பில் பிறந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. 19ஆம் நூற்றாண்டு ரியோவில் நகோவா, குவாயமு என்று இரண்டு பெரிய கபோயிராக் கும்பல்கள் இருந்தன. தெருக்களைப் பங்குபோட்டுக்கொண்டன, கத்தி வைத்திருந்தன, தேர்தல் நேரத்தில் அரசியல்வாதிகளுக்குக் கூலிக்கு அடித்தன. பராகுவே போருக்குப் படையில் ஆள் பிடித்தபோது கபோயிராக்காரர்களும் அதில் அள்ளிச் செல்லப்பட்டார்கள். இதையெல்லாம் நான் மறைக்க வேண்டியதில்லை, நீங்களும் உங்கள் அறிக்கைகளில் மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கி பிடித்த கையோடு வரும் ஒரு சிறுவனிடம், இந்தக் கலையும் ஒரு காலத்தில் கூலிக்கு அடித்திருக்கிறது, பிறகு வேறு வழிக்குத் திரும்பியது என்று சொல்ல முடிவது பெரிய வசதி. பிறவிச் சாதுவின் கதையைக் கேட்க அவனுக்குப் பொறுமை இருக்காது.

திருப்பம் வந்தது பஹியா மாநிலத்தின் சால்வடாரில். மெஸ்த்ரே (கபோயிரா ஆசானை அப்படித்தான் அழைப்பார்கள்) பிம்பா 1930களின் தொடக்கத்தில் கபோயிராவைத் தெருவிலிருந்து கூரைக்கடியில் கொண்டுவந்தார். 1937இல் அவருடைய பள்ளிக்கு அரசின் பதிவு கிடைத்தது. படிப்பிலோ வேலையிலோ இருப்பதற்கு அத்தாட்சி காட்டினால்தான் மாணவனாகச் சேர்த்துக்கொண்டார். மெஸ்த்ரே பாஸ்தின்யா 1941இல், கபோயிராவின் பழைய வழியான அங்கோலா மரபுக்கென்று தனிக் கூடம் அமைத்தார். சிறுவயதில் தன்னைவிடப் பெரிய பையன் ஒருவனிடம் நாள்தோறும் அடிவாங்கிக்கொண்டிருந்தவர் அவர். அதை ஜன்னலிலிருந்து பார்த்த பெனெதித்தோ என்ற ஆப்பிரிக்க முதியவர் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்தார் என்பது அவரே சொன்ன கதை. உங்கள் திட்டங்களுக்கு முன்னோடி தேடினால் அந்த முதியவரைத்தான் சொல்வேன். நிதி ஒதுக்கீடு இல்லை, பயனாளிகள் பட்டியல் இல்லை. அடிபடும் ஒரு பையனும் அவனைக் கவனித்த ஒரு பெரியவரும் இருந்தார்கள்.

ரோடாவுக்கு வருகிறேன். ஆடுபவர்களும் பாடுபவர்களும் சேர்ந்து அமைக்கும் வட்டம் அது. எல்லாமே அங்கேதான் நடக்கிறது. உங்கள் பார்வையாளர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடும் இடமும் அதுதான். வட்டத்தின் ஒரு பக்கம் வாத்தியங்கள். அவற்றில் முதன்மையானது பெரிம்பாவ்: வளைத்த கம்பில் ஒற்றைக் கம்பித் தந்தி, அடியில் காய்ந்த சுரைக்குடுக்கை. ஒரு கையில் மெல்லிய குச்சியும் சிறு கூடைக் கிலுகிலுப்பையும் இருக்கும். மறுகை கூழாங்கல்லையோ நாணயத்தையோ தந்தியில் அழுத்தியும் விட்டும் சுரத்தை மாற்றும். அங்கோலா மரபில் மூன்று பெரிம்பாவ்கள் வேண்டும். அவற்றில் தாழ்ந்த குரல் கொண்டது குங்கா. அதை வைத்திருப்பவர் சொல்வதுதான் சட்டம். எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது எல்லாமே அவர் கையில்.

நான் பயிலும் கூடத்தில் கண்டதைச் சொல்கிறேன். ஆடியவர்கள் இருவரும் இருபது வயதைத் தாண்டாதவர்கள். ஒருவன் சுழன்று உதைக்கத் திரும்பிய நேரத்தில் மற்றவன் தரையோடு படிந்து, அவன் ஊன்றியிருந்த காலைத் தன் காலால் வளைத்து இழுத்துவிட்டான். விழுந்தவனின் முழங்கை சிமெண்டுத் தரையில் உராய்ந்து தோல் வழன்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எழுந்தவனின் முகம் மாறிவிட்டது. அடுத்து அவன் வீசிய உதையில் ஆட்டம் இல்லை, வஞ்சம் மட்டும் இருந்தது. குங்கா வைத்திருந்த பெண்மணி எழவில்லை, அதட்டவில்லை. தாளத்தை உடைத்து, தந்தியை ஒரே சுரத்தில் விடாமல் தட்டினார். அந்த ஒலி கேட்டால் ஆடுபவர்கள் உடனே பெரிம்பாவின் முன் வந்து குந்த வேண்டும். வந்து குந்தினார்கள். தாளத்தை மெதுவான 'அங்கோலா'வுக்கு இறக்கிவிட்டு, அவர் நீண்ட பாட்டு ஒன்றை எடுத்தார். அது முடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி குந்தியே இருந்தார்கள். மூச்சு வாங்குவது அடங்கியது. பிறகு கை கொடுத்துவிட்டு மறுபடி ஆடினார்கள். விழுந்தவன் கணக்கை விட்டுவிடவில்லை. எதிராளி தவறாக இறங்கிய ஒரு நொடியில் அவனுடைய குதிகால் எதிராளியின் தாடையருகே வந்து நின்றது. நின்றதை வட்டம் முழுவதும் பார்த்தது. இந்தமுறை சிரிப்பு அவன் பக்கம்.

அவனுக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை. கோபப்படாதே என்றுகூடச் சொல்லவில்லை. கோபத்தோடு குந்தியிருக்க ஓர் இடமும், மானம் போகாமல் திரும்பிவர ஒரு வழியும் கிடைத்தன. இப்படிப்பட்ட ஏற்பாடுகள் ரோடாவில் இன்னும் உண்டு. ஆட்டம் சூடாகிறது என்று தெரிந்தால், வட்டத்தில் நிற்கும் மூன்றாமவர் நடுவே நுழைந்து ஒருவரை விலக்கிவிட்டுத் தானே ஆடத் தொடங்கலாம். 'ஆட்டத்தை வாங்குவது' என்பார்கள். களைத்தாலோ மனம் கொதித்தாலோ, இருவரும் ஒருவர்பின் ஒருவராக வட்டத்தின் உள்விளிம்பில் நடந்து வரலாம். அதற்கு 'உலகைச் சுற்றுவது' என்று பெயர். அங்கோலா ஆட்டத்தில் ஒருவர் திடீரென்று நின்று கையை நீட்டி மற்றவரை அழைப்பார். அழைக்கப்பட்டவர் எச்சரிக்கையோடு நெருங்கி, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, சில அடி முன்னும் பின்னும் நடக்க வேண்டும். அந்த நடையின் நடுவிலும் முழங்கால் வரலாம், தலை வரலாம். எதிரியின் மூச்சு படும் தூரத்தில், நம்பியும் நம்பாமலும் நடக்கப் பழகுவது என்றால் என்னவென்று அங்கே தெரியும். மோதல் தீர்வு என்ற தலைப்பில் சார்ட் தாளும் வண்ணப் பேனாக்களும் வைத்து நீங்கள் நடத்தும் பயிலரங்குகள் சிலவற்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மதிய உணவு நன்றாக இருந்தது.

அடிப்படை அசைவான ஜிங்காவையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு கால் பின்னால் போகும், திரும்பும், மறுகால் போகும். உடல் ஒருபோதும் அசையாமல் நிற்காது. வரும் உதையைக் கையால் தடுக்க மாட்டார்கள். அதன் கீழே புகுந்து, அதே சுழற்சியில் பதில் உதையைத் தொடங்குவார்கள். விறைத்து நின்று கட்டளைக்குக் காத்திருக்கப் பழக்கப்பட்ட ஒரு சிறுவனின் உடம்புக்கு இது முற்றிலும் புதிய பாடம். யாரும் கட்டளையிடாமல், எதிரில் இருப்பவனை மட்டும் பார்த்து, தானே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை அடுத்த நொடியே மாற்றவும் செய்யலாம்.

இனி உங்கள் களத்துக்கு. 2014இல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா நகரில், யுனிசெஃபும் பிரேசில் தூதரகமும் வேறு சில துணைவர்களும் சேர்ந்து, ஆயுதக் குழுக்களிலிருந்து விடுவிக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கபோயிரா வகுப்பு தொடங்கினீர்கள். அதற்கு முன்பே ஹெய்ட்டித் தலைநகர் போர்ட் ஓ பிரின்ஸின் பெல் ஏர் பகுதியில் 'விவா ரியோ' என்ற பிரேசில் தொண்டு நிறுவனம் இதே வழியை முயன்றது. சிரியாவிலும் ஜோர்தானிலும் பாலஸ்தீனத்திலும் அகதிப் பிள்ளைகளிடையே ரோடாக்கள் நடந்திருக்கின்றன. இவற்றைத் தொடங்கியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. கோமாவைப் பற்றிப் பேசும்போது மட்டும், கலை தாய்வீடு திரும்பிவிட்டது என்ற வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்துங்கள். அடிமைக் கப்பல்கள் புறப்பட்டது மேற்குக் கரையிலிருந்து. கோமா இருப்பது ருவாண்டாவை ஒட்டிய கிழக்கு எல்லையில், ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. அங்குள்ள பிள்ளைகளுக்கு அது புதிதாக வந்த விருந்தாளிதான்.

விருந்தாளியால் ஒரு போரை நிறுத்த முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2025 ஜனவரியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை கோமாவை மறுபடி கைப்பற்றியது. கனிமமும் எல்லையும் அண்டை நாட்டுப் படைகளும் சேர்ந்து நடத்தும் சண்டைக்கு முன்னால் ஒரு சுரைக்குடுக்கை என்ன செய்யும்? கபோயிராவின் பிறந்த வீட்டிலேயே பாருங்கள். 2018 அக்டோபரில், பிரேசில் அதிபர் தேர்தலின் முதல் சுற்று முடிந்த இரவில், சால்வடாரில் ஒரு மதுக்கடையில் நடந்த அரசியல் வாக்குவாதத்தைத் தொடர்ந்து மெஸ்த்ரே மோவா டோ கதெந்தே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 63. வாழ்நாள் முழுவதும் தப்பிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர். ஆகவே நாட்டுக்கு அமைதி வரும் என்று நான் எங்கும் எழுத மாட்டேன். ஒரு விடுதியில், ஒரு முகாமின் வரிசையில், ஒரு குடும்பத்தில், ஓங்கிய கை நிற்கக்கூடும். அதற்கு மேல் வாக்குக் கொடுத்துப் பணம் வாங்குபவர்களை நம்பாதீர்கள்.

அந்த அளவுக்காவது பலன் வேண்டுமென்றால், ஒதுக்கும் முறை மாற வேண்டும்.

முதலில் காலம். மூன்று மாதத் திட்டத்தில் ஒரு சிறுவன் ஜிங்காவைக் கற்றுக்கொள்வான், கைகளை ஊன்றிச் சக்கரம்போடக் கற்றுக்கொள்வான். இறுதிநாள் நிகழ்ச்சிக்கு அது போதும்; உங்கள் தூதரும் கைதட்டுவார். ஆனால் ஓங்கிய காலை நிறுத்துவது அதற்குள் வராது. அதற்கு ஓராண்டாவது வேண்டும், அதே மெஸ்த்ரே வேண்டும். ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட பிள்ளைகள் அவர்கள். நம்பத் தொடங்கிய நேரத்தில் ஒப்பந்தம் முடிந்து ஆசிரியர் விமானம் ஏறினால், அதுவும் ஒரு பாடமாகத்தான் அவர்கள் மனத்தில் பதியும்.

அடுத்தது சம்பளம்; மடலின் தலைப்பும் அதுதான். இந்தக் கலையின் பெருமக்களை உலகம் நடத்திய விதம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்தின்யா 1966இல் செனகலின் டாக்கர் நகரில் நடந்த கறுப்பினக் கலை விழாவுக்குப் பிரேசிலின் சார்பில் சென்றவர். சில ஆண்டுகளில், சால்வடாரின் பெலோரின்யோ வட்டாரத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி அவருடைய கூடத்தைக் காலி செய்யவைத்தார்கள். அது திரும்பக் கிடைக்கவில்லை. கண்பார்வை போய், வறுமையில், 1981இல் இறந்தார். பிம்பா ஆதரவில்லை என்று மனம் வெறுத்து பஹியாவை விட்டே போனார். 1974இல் கோயானியா நகரில் காலமானார். பஹியாவின் கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது 1996இல். பட்டம் வாங்க அவர் இல்லை. 2008இல் பிரேசில் அரசு ரோடாவையும் மெஸ்த்ரேக்களின் பணியையும் தேசிய மரபுச் சொத்தாகப் பதிவு செய்தபோது, முதிய மெஸ்த்ரேக்களுக்குச் சிறப்பு ஓய்வூதியம் வேண்டும் என்ற பரிந்துரையும் சேர்ந்தே வந்தது. பிரச்சினை அந்த அளவுக்குத் தெரிந்த ஒன்று. 2014 நவம்பரில் யுனெஸ்கோவும் ரோடாவை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் சிறைக்கு அனுப்பிய கையெழுத்து, இன்று சான்றிதழ் அனுப்புகிறது. சான்றிதழை வைத்து அரிசி வாங்க முடியாது.

உங்கள் திட்டங்களிலும் மெஸ்த்ரேயைத் 'தன்னார்வலர்' என்ற வரிசையில் போட்டுவிட்டு, கண்காணிப்பு ஆலோசகருக்குச் சம்பளம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதைத் தலைகீழாக்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மெஸ்த்ரேக்கு மட்டுமல்ல, அவரிடம் கற்று அடுத்துப் பொறுப்பேற்கப்போகும் உள்ளூர் இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் முதல்நாள் முதலே ஊதியம் வேண்டும். பெண்பிள்ளைகள் வரவேண்டும் என்று அறிக்கையில் எழுதினால் வரமாட்டார்கள். குங்காவை ஒரு பெண் வைத்திருப்பதைப் பார்த்தால் வருவார்கள்.

உடற்கல்விப் பட்டம் இருக்கிறதா என்று கேட்பதையும் விடுங்கள். பிரேசிலிலேயே இந்த வழக்கு நெடுநாள் ஓடியது. 1998இல் உடற்கல்வித் தொழிலுக்கென்று சட்டம் வந்ததும், மெஸ்த்ரேக்களும் அதன் கீழ்ப் பதிவு செய்ய வேண்டுமா என்று சண்டை மூண்டது. 2010ஆம் ஆண்டின் இனச் சமத்துவச் சட்டம், அங்கீகாரம் பெற்ற மரபுவழி மெஸ்த்ரேக்கள் பள்ளிகளில் கற்பிக்க இடம் கொடுத்தது. பிறந்த நாடே ஏற்றுக்கொண்டதை உங்கள் மனிதவளப் பிரிவும் ஏற்றுக்கொள்ளலாம்.

பாட்டுகளில் கை வைக்காதீர்கள். அடிமைக் கப்பல், அங்கோலாவின் லுவாண்டா நகரம், கடலோடிகள், புனிதர்கள், ஆப்பிரிக்கத் தெய்வங்கள் எல்லாம் அவற்றில் வரும். மதச் சிக்கல் வரும் என்று அஞ்சிச் சொற்களை வெட்டிவிட்டு, வெறும் மெட்டை வைத்துக்கொள்ளும் யோசனை பல இடங்களில் எழுகிறது. பிரேசிலிலேயே சில தேவாலயங்கள் தங்களுக்கென்று சொற்களை மாற்றிப் பாட, மரபுக்காரர்கள் கொதித்தார்கள். பெற்றோருக்கு மனக்குறை இருந்தால் மெஸ்த்ரே அவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். பிள்ளைகள் தங்கள் மொழியில் புதிய பாட்டுக் கட்டட்டும். மரபுக்கு அதில் குறை இல்லை. கட்டுண்டு கிடந்தவர்களின் கதையை எடுத்துவிட்ட கபோயிரா அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமாகாது.

வாத்தியங்களைக் கப்பலில் அனுப்பிச் செலவு செய்யவும் தேவையில்லை. பெரிம்பாவின் தந்தியே பழைய டயரிலிருந்து உரித்தெடுக்கும் எஃகுக் கம்பிதான். டயரின் விளிம்பைக் கத்தியால் கீறி, ரப்பருக்குள்ளிருந்து கம்பியை இழுத்து, மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது அரைநாள் வேலை. விரல் கிழியும், கவனம் வேண்டும். கம்புக்குப் பிரேசிலில் பிரிபா மரம். மற்ற இடங்களில் வளைந்து நிமிரும் எந்த உறுதியான கம்பும் ஆகும். தன் கையால் செய்த வாத்தியத்தைப் பிள்ளை உடைக்காது. சண்டை வந்தாலும் முதலில் அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் வரும். அந்த இடைவெளியே பாதிச் சண்டையை முடித்துவிடும் என்பது என் அனுபவம்.

கடைசியாக, உங்கள் விண்ணப்பப் படிவத்தில் 'பயனடைந்தோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புவதற்காகவே ஒரே வகுப்பில் நூறு பேரை நிறுத்திக் கைகால் அசைக்கவைக்கிறார்கள். நூறு பேருக்கு நடுவில் எவன் கால் எங்கே நின்றது என்று எந்த மெஸ்த்ரேயாலும் பார்க்க முடியாது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, வேறு இரண்டு கேள்விகளை வையுங்கள்: வெளியூர் ஆசிரியர் போய் ஓராண்டு ஆன பிறகும் அந்த ரோடா நடக்கிறதா? நடந்தால், குங்கா இப்போது யார் கையில் இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பதிலாக, முன்பு துப்பாக்கி வைத்திருந்த ஒருவரின் பெயர் வருமானால், அடுத்த ஐந்தாண்டுக்கான ஒதுக்கீட்டில் தயங்காமல் கையெழுத்திடுங்கள். பெயரே வராவிட்டால், நிறுத்துவதற்கு முன் அந்த மெஸ்த்ரேக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று உங்கள் கணக்குப் பிரிவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ரோடாவில் கைதட்டவும் பாடவும் ஆடவும் செய்கிற ஒருவன்